கடம்பூர்: ஒரு சிற்றூரின் நிலமும் வரலாறும்



இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சிற்றூர். அது மாநகரமன்று, துறைமுகமன்று, ஆலைகள் நிறைந்த ஊருமன்று. சிதம்பரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் சென்றால் காட்டுமன்னார்கோயில் வரும். அங்கிருந்து வயல்களின் நடுவே சில கிலோமீட்டர் சென்றால் மேலக்கடம்பூர் என்னும் ஊரை அடையலாம். கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், கொள்ளிட ஆற்றுக்கு வடக்கே அமைந்த உழவர் ஊர் அது. நெல்லும் உளுந்தும் விளைகின்ற வயல்கள், நடுவிலே ஒரு பழைய சிவன் கோயில், சில தெருக்கள், வாய்க்கால்கள் ஆகியவற்றைத் தவிர, அவசரமாகச் செல்லும் வழிப்போக்கன் கண்ணுக்கு அங்கே வேறொன்றும் தென்படாது.

இவ்வூரைப் பற்றிப் பேச நான் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதைச் சொல்லித் தொடங்குவதே நேர்மை என்று கருதுகிறேன்.

ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், அந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நான் புவியியல் ஆசிரியனாக இருந்தேன். ஒருநாள் காலை ஒன்பதாம் வகுப்பில் சுவிட்சர்லாந்து நாட்டைப் பற்றிய பாடம். ஆல்ப்ஸ் மலையின் படத்தைக் கரும்பலகையில் மாட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்கும் வேளையில், ஒரு மாணவன் கால்மணி நேரம் தாமதமாக வந்து வாயிலில் நின்றான். முழங்கால்வரை சேறு. கண்கள் சிவந்திருந்தன.

“ஏனப்பா இவ்வளவு தாமதம்?” என்று கேட்டேன்.

“இராத்திரி எங்கள் வயலுக்கு முறைத்தண்ணீர், ஐயா. அப்பாவுக்குக் காய்ச்சல். மடையில் நான்தான் இருந்தேன்” என்றான்.

“வயல் வேலை வேறு, படிப்பு வேறு, பாடம் முடியும்வரை வெளியிலேயே நில்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

சுவிட்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்குகள் சிலவற்றில் மழை குறைவு. ஆகவே அந்நாட்டு உழவர்கள் மலையுச்சிப் பனி உருகி வரும் நீரை, மலைச்சரிவுகளில் வெட்டிய வாய்க்கால்கள் வழியே கொண்டு வந்து, இன்னாருக்கு இத்தனை நாழிகை என்று முறைவைத்து, இரவிலும் பகலிலும் தத்தம் புல்வெளிகளுக்குப் பாய்ச்சிக் கொள்வார்கள். இதனை நான் மிகவும் சுவையாக விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அப்படியானால் வெளியே நிற்கிறவன் இராத்திரி செய்ததும் அதுதானே?” என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே நின்றவனை உள்ளே அழைத்து, முறைத்தண்ணீர் என்பது எப்படி என்று கேட்டேன். எந்த மதகிலிருந்து நீர் வருகிறது, தலைமடைக்காரர் யார், கடைமடைக்காரர் யார், ஒரு முறைக்கு எத்தனை நாழிகை, மடையை அடைக்க மண்ணோடு எதைச் சேர்த்து மிதிக்கவேண்டும் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். “சரி, அந்த மதகுக்கு நீர் எவ்வழியாக வருகிறது?” என்று கேட்டேன். “காவிரியிலிருந்து என்று சொல்வார்கள் ஐயா. எந்த வழி என்று எனக்குத் தெரியாது” என்றான். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கும் அது செவ்வையாகத் தெரியாது. ஆல்ப்ஸ் மலையின் கணவாய்களை வரிசை தப்பாமல் சொல்லக்கூடிய நான், பள்ளி வாயிலில் ஓடிய வாய்க்காலின் வழியை அறியாதிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையே பன்னிரண்டு மாணவர்களுடன் வாய்க்கால் கரையில் நடக்கத் தொடங்கினேன். அதன் பிறகு பல ஆண்டுகள் நடந்தும், படித்தும், பெரியவர்களைக் கேட்டும் அறிந்தவற்றின் சுருக்கமே இன்றைய பேச்சு.

முதலில் நீரின் வழியைக் காண்போம். குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கும் காவிரி, கருநாடகத்தைக் கடந்து தமிழகத்துக்குள் புகுந்து மேட்டூரை அடைகிறது. அங்கே 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணை அந்நீரைத் தேக்குகிறது. மேட்டூரிலிருந்து விடப்படும் நீர் திருச்சிராப்பள்ளிக்கு மேற்கேயுள்ள முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே செல்லும் காவிரி, கல்லணையைக் கடந்து தஞ்சை நாட்டை வளப்படுத்துகிறது. வடக்கே செல்லும் கொள்ளிடம் அகன்ற மணற்படுகையில் வடகிழக்காக ஓடிச் சிதம்பரத்துக்குத் தெற்கே கடலோடு கலக்கிறது. கொள்ளிடம் வெள்ளத்தைக் கொண்டுபோகும் ஆறு. முற்காலத்தில் அதன் நீரில் பெரும்பகுதி வயலுக்குப் பயன்படாமல் கடலுக்கே சென்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெருங்கேடு நேர்ந்தது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துபோக, காவிரியின் வாய் மணலால் மேடிட்டது. நீரெல்லாம் கொள்ளிடத்தில் பாய்ந்தது. தஞ்சை வயல்கள் வறண்டன. அப்போது ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி நீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். ஆனால் ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று குறையுமன்றோ? கொள்ளிடத்தை நம்பிய கீழ்ப்பகுதி உழவர்களின் கதி என்னாவது? அதற்காகவே சுமார் நூறு கிலோமீட்டருக்குக் கீழே, கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தது. 1836ஆம் ஆண்டில் அமைந்த அந்த அணை இருக்கும் இடத்தை மக்கள் ‘அணைக்கரை’ என்றே வழங்குகின்றனர். சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் பழைய சாலை அதன்மேல்தான் செல்கிறது.

கீழணையிலிருந்து கொள்ளிடத்தின் வடபுறம் இரண்டு முக்கிய நீர்வழிகள் பிரிகின்றன. ஒன்று வடவாறு; மற்றொன்று வடக்கு ராஜன் வாய்க்கால். வடவாறு வடக்கே சென்று வீராணம் ஏரியை நிரப்புகிறது. வடக்கு ராஜன் வாய்க்கால் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளுக்குப் பாய்கிறது. இவற்றின் கிளைகளும், கிளைகளின் கிளைகளுமே கடம்பூர் வட்டாரத்து வயல்களை நனைக்கின்றன. மாணவர்களே! குடகு மலையில் ஆடி மாதம் பெய்யும் மழைத்துளி, நம் ஊர்ச் சிறுவன் சேற்றில் நின்று அடைத்த மடைக்கு வந்து சேரும் வழி இதுவே. இவ்வழியில் எந்த ஓரிடத்தில் தடை ஏற்பட்டாலும் அதன் விளைவு கடைமடையில்தான் முதலில் தெரியும்.

இனி மண்ணைப் பார்ப்போம். இவ்வட்டாரம் ஏறக்குறைய சமதளம். பல நூற்றாண்டுகளாக ஆறுகள் வெள்ளக் காலத்தில் கொண்டுவந்து பரப்பிய வண்டல் மண் இங்கே படிந்திருக்கிறது. பெரும்பகுதி நீரை நன்றாகத் தாங்கும் களிமண். கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் குழைந்துவிடும். நெல்லுக்கு இதைவிட ஏற்ற மண் அரிது. ஆண்டு மழையில் பாதிக்குமேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்கிறது. ஆகவே இவ்வூர் உழவனுக்கு ஆண்டில் இரண்டு கவலைகள் உண்டு. ஆவணியில் நாற்றுவிடும்போது ‘நீர் வருமா?’ என்பது ஒரு கவலை. கார்த்திகையில் பயிர் மூழ்கும்போது ‘நீர் வடியுமா?’ என்பது மற்றொரு கவலை. பாசன வாய்க்கால் எவ்வளவு இன்றியமையாததோ, வடிகாலும் அவ்வளவு இன்றியமையாதது. சமதளத்தில் நீரைக் கொண்டுவருவதைவிட வெளியேற்றுவதே கடினம்.

சம்பா நெல் தை மாதத்தில் அறுவடையாகும். அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே, நெற்பயிர் நிற்கும்போதே, ஈரமண்ணில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்து எடுத்த பிறகு, மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அப்பயறு வளர்ந்து விளையும். உழவு இல்லை, தனியே பாய்ச்சலும் இல்லை. பயறுச் செடியின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணுக்குச் சேர்க்கின்றன என்று அறிவியல் நூல்கள் கூறும். அதன் காரணம் அறியாத காலத்திலேயே அதன் பயனை நம் உழவர்கள் அறிந்திருந்தனர்.

ஊரின் பெயர் எப்படி வந்தது? கடம்ப மரத்தால் வந்தது என்பர். அக்கோயிலின் தலமரமும் கடம்பே. இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்களைக் கூர்ந்து நோக்குங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயர், பிச்சாவரம் கழிகளில் இன்றும் காணப்படும் தில்லை மரத்தால் ஏற்பட்டது. ஒரு காலத்தில் இங்கு என்னென்ன மரங்கள் நின்றன என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. காடு திருத்தப்பட்டது, மரங்கள் போயின, பெயர் மட்டும் நின்றது.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் கடம்பூரைப் பாடியுள்ளனர். ஆகவே 1,300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு ஓர் ஊரும் கோயிலும் இருந்தன என்பது உறுதி. இக்கோயிலைக் ‘கரக்கோயில்’ என்று நாவுக்கரசர் குறிக்கிறார். கரக்கோயில் என்பது பழங்காலக் கோயில் அமைப்பு வகைகளுள் ஒன்றின் பெயர். அந்நாளில் கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. இப்போது நாம் காணும் கற்கோயில் முதற் குலோத்துங்க சோழன் காலத்தைச் சேர்ந்தது. அவன் 1070 முதல் 1120 வரை ஆண்டவன். கருவறையின் அடிப்பகுதி தேரின் வடிவில் அமைந்துள்ளது. கல்லில் செதுக்கிய சக்கரங்களும், இழுத்துச் செல்லும் குதிரைகளும் இருபுறமும் உள்ளன. பள்ளி மாணவர்கள் கல்தேர் என்றவுடன் ஒடிசாவிலுள்ள கொனாரக்கை நினைப்பார்கள். அது பதின்மூன்றாம் நூற்றாண்டினது. தாராசுரத்தில் தேர்வடிவ மண்டபம் உண்டு. அது பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியினது. இவ்விரண்டுக்கும் முற்பட்டது கடம்பூர்த் தேர். நெல்வயல்களின் நடுவே, ஒரு சிற்றூரில், அது அமைதியாக நிற்கிறது.

இக்கோயிலில் மற்றொரு வியப்பும் உண்டு. காளையின்மேல் ஆடும் பத்துக் கரங்களை உடைய சிவபெருமானின் செப்புத் திருமேனி அது. அதன் வேலைப்பாடு நம் சோழநாட்டு மரபினதன்று. வங்காளத்தை ஆண்ட பால மன்னர் காலத்து மரபினது. வங்கத்துச் சிற்பம் கொள்ளிடக் கரைக்கு எப்படி வந்தது? முதல் இராசேந்திர சோழனின் படை 1022, 1023ஆம் ஆண்டுகளையொட்டிக் கங்கைவரை சென்று மீண்டது. அவன் அமைத்த தலைநகராகிய கங்கைகொண்ட சோழபுரம் கடம்பூருக்கு மேற்கே, அண்மையில்தான் உள்ளது. அப்படையெடுப்பின்போது கொணரப்பட்டதாக இருக்கலாம் என்று அறிஞர் கருதுவர். மாணவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிற்பம் பால மரபினது என்பது கண்ணால் கண்டு ஒப்பிட்டு அறிவது. இராசேந்திரன் கொணர்ந்தான் என்பது பொருத்தமான ஊகம். இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. வரலாறு படிப்பவனுக்கு இந்த வேறுபாடே முதற்பாடம்.

இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டும் இவ்வூரிலேயே கிடைக்கிறது. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் கடம்பூர் மாளிகை வருகிறது. ஆதித்த கரிகாலன் கொலையுண்ட இடமாக அதைக் கதை அமைத்துக்கொண்டது. கதையையும் அண்மையில் வந்த திரைப்படத்தையும் கண்ட மாணவர்கள் சிலர் என்னிடம், “அந்த மாளிகை எங்கே இருக்கிறது?” என்று கேட்டதுண்டு. அது ஆசிரியரின் கற்பனை. உண்மைச் சான்று வேறிடத்தில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதல் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சிலரையும், அவர்களுடைய உறவினரையும் குறித்து, அவர்களுடைய உடைமைகளைப் பறிமுதல் செய்யும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு விடுத்த அரச ஆணையை அது தெரிவிக்கிறது. கொலை எங்கே நடந்தது என்று அது சொல்லவில்லை. கல் சொல்லாததைக் கதை சொல்லலாம். வரலாறு சொல்லக் கூடாது.

வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்பது காட்டுமன்னார்கோயிலின் பழம்பெயர். வீரநாராயணன் என்பது 907 முதல் 955 வரை ஆண்ட முதற் பராந்தக சோழனின் பட்டப்பெயர். அவன் காலத்தில் வெட்டப்பட்டதே வீரநாராயண ஏரி. அப்பெயரே வீராணம் என்று மருவியது. சுமார் 16 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரி இன்றும் ஏறத்தாழ 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்ததும், தேவாரத் திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி பிறந்த திருநாரையூர் இருப்பதும் இந்த நீர்ப்பாசன வட்டாரத்திலேதான். நெல் விளைந்த நிலத்தில் நூலும் விளைந்தது என்பதை நினைவிற் கொள்க.

அதே பராந்தகன் காலத்தில்தான், 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவை அமைந்ததை அவை கூறுகின்றன. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுமுறை அப்பதவிக்கு வரக் கூடாது என்ற விதியும் அதில் உண்டு. ஏரியை அரசன் வெட்டலாம். ஆண்டுதோறும் அதைக் காப்பவர்கள் ஊரார் என்பதே இதன் கருத்து.

இங்கே, நான் அன்று வகுப்பில் நடத்திய சுவிட்சர்லாந்துக்குத் திரும்புகிறேன். அந்நாட்டில் வாலே என்னும் மாநிலத்தில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், தேர்பெல் என்ற சிறிய உழவர் ஊர் ஒன்று உண்டு. 1483ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் ஒன்றுகூடி, பொதுவான மலைப் புல்வெளியையும் காட்டையும் எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதி வைத்துக்கொண்டனர். குளிர்காலத்தில் தன் வீட்டுத் தீனியால் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ அத்தனை மாடுகளையே கோடையில் பொதுப் புல்வெளிக்கு ஓட்டலாம் என்ற விதி 1517ஆம் ஆண்டளவிலேயே அங்கே இருந்தது. எளிய விதி, ஆனால் எவ்வளவு நுட்பமானது! பேராசை கொண்டவனையும் அது தானாகவே தடுத்துவிடுகிறது. இராபர்ட் நெட்டிங் என்னும் மானிடவியல் அறிஞர் அவ்வூரை ஆராய்ந்து நூல் எழுதினார். எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், பொதுச் சொத்தை மக்களே காக்க முடியும் என்பதற்கு அவ்வூரைச் சான்றாகக் காட்டினார். அவருக்கு 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

ஒரு சிற்றூரை ஒருவர் பொறுமையோடு ஆராய்ந்ததால் உலகம் அவ்வூரை அறிந்தது. நம் வாய்க்கால் கரை ஊர்களில் முறைப்பாய்ச்சல் உண்டு, குடிமராமத்து உண்டு. வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூடி, கோடையில் வாய்க்காலைத் தூர்வாரும் வழக்கமே குடிமராமத்து. அதன் விதிகள் பெரும்பாலும் எழுதப்படாதவை. பெரியவர்களின் நினைவில் இருந்தன, அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் பழமையைப் பாராட்டும்போது கண்ணை மூடிக்கொள்ளலாகாது. உத்திரமேரூரில் குடவோலையில் பெயர் எழுதப்பட, நிலமும் வீடும் கல்வியும் வேண்டும். தேர்பெல்லிலும் வெளியிலிருந்து வந்து நிலம் வாங்கியவனுக்குப் பொதுப் புல்வெளியில் உரிமை இல்லை. சேற்றில் இறங்கி நட்டவர்களும் அறுத்தவர்களும் எங்கே? கல்வெட்டுகளில் அவர்கள் பெயர் அரிது. கடம்பூர் வட்டாரத்திலேயே, கொள்ளிடக் கரை ஆதனூரில் பிறந்தவர் நந்தனார் என்பர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றைச் சொல்லும்போது, புலைப்பாடியின் குடிசைகளையும், வயல் வேலை செய்யும் மக்களையும் கண்முன் நிறுத்துகிறார். கோயிலுக்குத் தோலும் நரம்பும் கொடுத்தவர், கோயிலுக்குள் செல்ல முடியாமல் வெளியே நின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தன் சரித்திரத்தில் நந்தனாருக்கு ஒரு பண்ணை முதலாளியைச் சேர்த்தார். அது பெரியபுராணத்தில் இல்லை. ஆயினும் அவர் காலத்துப் பண்ணையாட்களின் துயரை அது காட்டியதால் மக்கள் மனத்தில் நிலைத்தது. ஓர் ஊரின் வரலாற்றை எழுதுவோர் கோயிலைச் சுற்றி மட்டும் நடந்தால் போதாது. ஊரின் கடைசித் தெருவரை நடக்க வேண்டும்.

சோழருக்குப் பின் நிகழ்ந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். பாண்டியர், விசயநகரத்தார், நாயக்கர், ஆர்க்காட்டு நவாபு என்று ஆட்சிகள் மாறின. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் சிதம்பரம் கோயிலே கோட்டையாகப் பயன்படுத்தப்பட்டது. 1781ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையருகே ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்தது. 1801ஆம் ஆண்டில் இப்பகுதி கும்பினியாரின் நேர் ஆட்சிக்கு வந்து, தென்னார்க்காடு மாவட்டமாயிற்று. கடலூர் அதன் தலைநகரம். 1993ஆம் ஆண்டில் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது கடம்பூர், கடலூர் மாவட்டத்தில் நின்றது. அரசர்கள் மாறினும், மாவட்டங்கள் மாறினும், உழவன் கேட்ட கேள்வி ஒன்றே: “இவ்வாண்டு நீர் வருமா?”

அக்கேள்வி இன்று இன்னும் கடுமையாகியிருக்கிறது. வீராணத்து நீர் 2004ஆம் ஆண்டு முதல் நீண்ட குழாய்வழியே சென்னை மாநகருக்குக் குடிநீராகச் செல்கிறது. தாகத்துக்கு நீர் தருவது அறம். அதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் சென்னையில் குழாயைத் திறக்கும் பிள்ளைக்கு, அந்நீர் எந்த வயல்களின் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கவேண்டாமா? ஏரியோ ஆண்டுதோறும் வண்டலால் தூர்ந்து ஆழம் குறைகிறது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. முக்கொம்பு மேலணையின் மதகுகள் சில உடைந்து விழுந்தன. ஓராண்டில் வறட்சி, அடுத்த ஆண்டில் வெள்ளம் என்பது வழக்கமாகி வருகிறது. 2020ஆம் ஆண்டில் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியபோது, தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களுடன் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஒன்றியங்களும் அதில் சேர்ந்தன. சட்டம் வயலைக் காக்கலாம். வயலை அறிந்தவர்களை யார் காப்பது? உழவர் வீட்டுப் பிள்ளைகள் படித்து நகரங்களுக்குச் செல்கிறார்கள். செல்லட்டும், அதற்காகத்தான் நாங்கள் படிப்பித்தோம். ஆனால் தாங்கள் விட்டுச் செல்வது இன்னதென்று அறியாமல் செல்வதுதான் என் மனத்தை வருத்துகிறது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் எதுவாயினும் சரி, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கேள்விகளுக்கு விடை தேடுங்கள். ஊரின் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வடிகிறது? மண் எப்படிப்பட்டது, அதில் எந்த மாதத்தில் என்ன விளைகிறது? ஊருக்கும் தெருவுக்கும் வயலுக்கும் பெயர் எப்படி வந்தது? ஊரின் மிகப் பழைய கட்டடம் எது, அதில் எழுத்து உண்டா? ஊரில் யாருடைய வரலாறு எங்குமே எழுதப்படவில்லை? முதல் நான்குக்கும் நூலகமும் கண்களும் உதவும். ஐந்தாவதற்கு முதியவர்களிடம் சென்று உட்கார்ந்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கேட்டதைக் கேட்டவாறே எழுதுங்கள். கேட்ட நாளையும் குறித்து வையுங்கள். கண்டது, கேட்டது, ஊகித்தது என்று மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்பித்தார்கள். நானும் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றேன். ஆனால் அதன் பொருளை எனக்குக் கற்பித்தவன், சேற்றுக் காலோடு வாயிலில் நின்ற அந்தச் சிறுவன்தான்.

அந்தச் சனிக்கிழமை நடையின் முடிவில் அவன் ஒரு படம் வரைந்தான். தன் வயலின் மடையில் தொடங்கி, கண்ணி வாய்க்கால், கிளை வாய்க்கால், ஆறு என்று ஒவ்வொன்றாகக் கோடிட்டு, அணைக்கரை வரை கொண்டுபோய் நிறுத்தினான். அதற்குமேல் தாளில் இடமில்லை. “ஐயா, இதற்கு மேலே நீங்கள் சொல்லுங்கள்” என்றான். அந்தத் தாளோடு இன்னொரு தாளை ஒட்டி, முக்கொம்பும் மேட்டூரும் குடகு மலையும் சேர்த்து இருவரும் முடித்தோம். நான் பணியிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை, ஒன்பதாம் வகுப்பில் ஆல்ப்ஸ் மலைப் படத்தை மாட்டுவதற்கு முன்பு அந்தப் படத்தையே மாட்டி வந்தேன். இரண்டையும் அருகருகே பார்த்த மாணவர்களுக்குச் சுவிட்சர்லாந்தும் முன்னைவிட நன்றாக விளங்கியது.

உங்கள் ஊரின் படத்தை நீங்களே வரைந்து தொடங்குங்கள்.